ஷெங்கன் விசாவில் ஒரே ஒரு நுழைவு. கப்பலோ நடுவில் துருக்கிக்குப் போகிறது. என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். வருகிற செப்டம்பரில் அம்மாவுடன் ஏழு இரவுக் கப்பல் பயணம் ஒன்றுக்குப் பதிவு செய்திருக்கிறேன். விமானத்தில் ஏதென்ஸ் சென்று, பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறி, கிரேக்கத் தீவான மைக்கோனோஸ், துருக்கியின் குஷாதாசி, மீண்டும் கிரேக்கத் தீவுகளான ரோட்ஸ், சாண்டோரினி ஆகிய இடங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் பிரேயஸிலேயே இறங்குகிறோம். எங்கள் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா (கிரேக்கம் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கட்டாயம் என்பதால் கிரேக்கத் தூதரகத்துக்கு விண்ணப்பித்திருந்தோம். நேற்றுதான் விசா கைக்கு வந்தது. ஆனால் ஒட்டப்பட்டிருக்கும் விசாவில், நுழைவுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் கட்டத்தில் இருவருக்கும் 01 என்றே அச்சாகியிருக்கிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் குஷாதாசியில் அவர் கப்பலிலேயே இருந்துவிடுவார். தேவைப்பட்டால் நானும் இறங்காமல் இருந்துவிடுவேன். கப்பலை விட்டே இறங்காதவர் கிரேக்கத்தை விட்டு வெளியேறியதாகக் கணக்கில் வருமா? பயணத்துக்கு இன்னும் ஒன்பது வாரங்கள் உள்ளன.

பதில் 1

கணக்கில் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கரையில் கால் வைத்தீர்களா என்பதைவிட, நீங்கள் இருக்கும் கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து வருகிறது என்பதைத்தான் எல்லைக் காவல் விதி முதலில் பார்க்கிறது. ஷெங்கன் துறைமுகங்களுக்குள் மட்டுமே சுற்றும் கப்பலுக்கு எல்லைச் சோதனை கிடையாது. நடுவில் ஒரே ஒரு வெளிநாட்டுத் துறைமுகம் வந்துவிட்டாலும் நிலைமை மாறிவிடுகிறது: குஷாதாசியிலிருந்து ரோட்ஸுக்கு வரும் கப்பல் வெளியிலிருந்து வரும் கப்பலாகவே கொள்ளப்படும், அங்கே கரையிறங்குபவர் நுழைவுச் சோதனைக்கு உட்பட்டவர். உங்களுடைய ஒற்றை நுழைவு ஏதென்ஸ் விமான நிலையத்திலேயே செலவாகிவிட்டிருக்கும். ஆகவே உங்களுக்குத் தேவையானது பன்முறை நுழைவு விசா. அந்தக் கட்டத்தில் 01 இருக்கும் இடத்தில் மல்ட் (MULT, பன்முறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருக்க வேண்டும். 02 என்றிருந்தாலும் இந்தப் பயணத்துக்குப் போதும்.

பதில் 2

இவ்வளவு அஞ்சத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஏறத்தாழ இதே வழியில் நாங்கள் சென்றபோது ரோட்ஸில் யாரும் கடவுச்சீட்டைக் கேட்கவில்லை, முத்திரையும் குத்தவில்லை. கப்பலில் கொடுத்த அறை அட்டையைக் காட்டிவிட்டு இறங்கினோம், அதையே காட்டிவிட்டு ஏறினோம்.

பதில் 1

ஐயா, நீங்கள் சொல்வது நடந்திருக்கும், நானும் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணமும் விதியிலேயே இருக்கிறது. கப்பல் நிறுவனம் பயணிகள் பட்டியலை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது. இடர் குறைவு என்று எல்லைக் காவலர் மதிப்பிட்டால் இறங்குவோரை ஒவ்வொருவராகச் சோதிக்காமல் விடலாம், சோதிக்கப்படாதவர்களுக்கு முத்திரையும் தேவையில்லை. ஆனால் அது அவர்கள் காட்டும் சலுகையே தவிர, பயணிக்கு உள்ள உரிமை அன்று. அடுத்த வாரம் அதே துறைமுகத்தில் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கடவுச்சீட்டையும் புரட்டினால், 01 உள்ளவர் எதைச் சொல்லி வாதாட முடியும்?

அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இந்த விவகாரத்தில் உங்களை முதலில் நிறுத்தப்போகிறவர் ரோட்ஸ் அதிகாரியாக இருக்க வாய்ப்பில்லை. பிரேயஸில் பெட்டிகளை வாங்கிக்கொள்ளும் கப்பல் நிறுவனத்தின் ஊழியராகத்தான் இருப்பார். ஆவணம் சரியில்லாத பயணியைக் கொண்டுவந்தால் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால், பயணத்திட்டத்தில் உள்ள எல்லா நாடுகளுக்கும் உரிய ஆவணங்கள் உள்ளனவா என்று அங்கேயே பார்த்துவிடுவார்கள். இறங்கமாட்டேன் என்று நீங்கள் அளிக்கும் வாக்குறுதியும் அங்கே செல்லாது. நடுவழியில் உடல்நிலை மோசமாகி ஒருவரைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை யாருக்கும் வரலாம் அல்லவா?

பதில் 3

மேலே சொல்லப்பட்டதை என் அனுபவத்திலிருந்து உறுதி செய்கிறேன். அது அலாஸ்கா பயணம். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குவதால் அமெரிக்க விசா இருந்தால் போதும் என்று நம்பிவிட்டோம். கடைசி நாள் மாலை சில மணி நேரம் மட்டும் கனடாவின் விக்டோரியாவில் கப்பல் நிற்கும் என்பது அட்டவணையில் இருந்தது. அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. கனடா விசா இல்லை என்று சொல்லி எங்களை ஏற்றவில்லை. கட்டிய பணமும் திரும்பவில்லை. அந்த விக்டோரியா நிறுத்தம் அழகுக்காக வைத்ததன்று என்பது பிறகுதான் தெரிந்தது. 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்ல முடியாது. இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. விண்ணப்பப் படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். ஒருமுறை நுழைவு என்ற கட்டத்தில் குறியிட்டது நானேதான். போவதும் வருவதும் ஒரே தடவை என்று எண்ணிவிட்டேன். கப்பலின் துறைமுக அட்டவணையைச் சேர்த்து அனுப்பியிருந்தும் அவர்கள் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டார்கள். இனித் திருத்தம் கேட்பதா, புதிதாக விண்ணப்பிப்பதா? துருக்கிக்கும் தனியாக விசா எடுக்க வேண்டுமா?

பதில் 1

பிழை உங்கள் படிவத்தில் இருப்பதால் திருத்தத்தை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். இன்றே தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். சாதகமான பதில் வராவிட்டால், விசாவை வைத்திருப்பவரே அதை ரத்து செய்யக் கோரலாம் என்று ஷெங்கன் விசா விதியில் இடமிருக்கிறது, அப்படிக் கோரிவிட்டுப் புதிதாக விண்ணப்பியுங்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு வழக்கமாக 15 நாள் அவகாசம். சில வேளைகளில் அது 45 நாள்வரை நீளலாம். ஒன்பது வாரம் என்பது 63 நாள். கணக்கு இடிக்கவில்லை, ஆனால் சந்திப்பு நேரம் கிடைப்பதில் ஒரு வாரம் போய்விட்டால் நெருக்கடிதான்.

இந்த முறை விளக்கக் கடிதத்தில், மூன்றாம் நாள் கப்பல் துருக்கிக்குச் சென்று மறுநாள் ரோட்ஸுக்குத் திரும்புவதால் இரண்டாவது நுழைவு தேவைப்படுகிறது என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். அட்டவணையில் குஷாதாசி வரியை அடிக்கோடிட்டு இணையுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே எடுத்திருப்பீர்கள்; அது ஷெங்கன் நாடுகளோடு நின்றுவிடுகிறதா, துருக்கிக்கும் செல்லுமா என்று பாருங்கள்.

துருக்கியைப் பொறுத்தவரை, கடல்வழி வந்து துறைமுக நகரத்தையும் அண்டை மாகாணங்களையும் பார்ப்பவர்களுக்கு 72 மணி நேரம்வரை விசா விலக்கு அளிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் கப்பலில் அந்த ஏற்பாடு உண்டா என்பதை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னதாகச் சொன்னால் துறைமுகத்தில் யாரும் ஏற்கமாட்டார்கள்.

இதே குழி வேறு இடங்களிலும் உண்டு. நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது; நார்வேயிலிருந்து அங்கே போய்த் திரும்புபவருக்கும் இரண்டாவது நுழைவு தேவை. குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் உள்ளே வந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் மான்டினீக்ரோ இன்னும் வெளியேதான்.

கேட்டவர்

தூதரகம் திருத்தித் தர மறுத்துவிட்டது. பழையதை ரத்து செய்யக் கோரிப் புதிதாக விண்ணப்பித்தோம். கட்டணம் இரண்டாவது முறையும் போயிற்று. இருபதாம் நாள் கடவுச்சீட்டுகள் வந்தன. இரண்டிலும் மல்ட் என்று இருக்கிறது.

பயணம் முடிந்து திரும்பியதும் இதை எழுதுகிறேன். பிரேயஸில் வரிசை எங்களிடம் வந்தபோது, அந்தப் பெண் ஊழியர் விசாப் பக்கத்தைப் புரட்டி, எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் அந்த ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்துவிட்டு அறை அட்டைகளை நீட்டினார். குஷாதாசியில் அம்மா இறங்கவில்லை. ரோட்ஸில் எங்களையும் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதைப் பதில் 2 எழுதியவருக்காகச் சொல்லிவிடுகிறேன்.