சிங்கப்பூரில் கப்பல் ஏற முதல் தங்குவதா, இறங்கிய பிறகு தங்குவதா?

பரந்தன் தங்கச்சி:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவும் நானும் பரந்தனில், அண்ணா ரொறன்ரோவில். அம்மாவுக்குக் கனடா விசாவுக்குப் போட்டோம், மறுத்துவிட்டார்கள். திரும்பவும் போட்டோம், அதே பதில்தான். அண்ணாவுக்கு ஊருக்கு வர இன்னும் மனம் வரவில்லை. நாங்களும் வற்புறுத்துவதில்லை. கடைசியில் சிங்கப்பூரில் சந்திப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். இலங்கைப் பாஸ்போட்டுக்கு அங்கே முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை என்பதுதான் முக்கிய காரணம்.

அண்ணா ஒரு குரூஸ் கப்பல் பார்த்து வைத்திருக்கிறார். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய், நாலு இரவு கழித்துத் திரும்பச் சிங்கப்பூரில் இறங்குவது. யாரும் சமைக்க வேண்டாம், அலைய வேண்டாம், எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்கிறார். இறங்கியதும் சில நாள் நகரத்தில் தங்கிவிட்டு அவர்கள் அங்கால், நாங்கள் இங்கால். எனக்கென்னவோ தங்குகிற நாட்களைக் கப்பலுக்கு முதல் வைப்பதுதான் நல்லது என்று படுகிறது. காரணம் சொல்லத்தான் தெரியவில்லை.

அம்மா பிறந்து வளர்ந்தது முல்லைத்தீவுக் கரையில். சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் போனதில்லை. மகனைப் பார்க்கலாம் என்பதற்காக மட்டும் கப்பலுக்குச் சம்மதித்திருக்கிறார். சீனி வருத்தம் இருக்கிறது, முழங்கால் நோவும் இருக்கிறது. வெற்றிலை இல்லாமல் இருக்கமாட்டார். அண்ணா இந்தக் கிழமை காசு கட்டப்போகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குருமன்காட்டு அண்ணன்:

தங்கச்சி, காசு கட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். வவுனியாவில் விமான ரிக்கெட் போடும் கடை வைத்திருக்கிறேன். இந்த மாதிரிக் குடும்பச் சந்திப்புகளுக்கு நிறையப் பேர் வருகிறார்கள். கப்பலைப் பதிவு செய்கிறவர் பெரும்பாலும் கனடா, லண்டன் பாஸ்போட்காரர். அவருக்கு மலேசியா போக விசா தேவையில்லை, அதனால் அந்தக் கேள்வியே அவர் மனதில் வராது. உங்களுக்கும் அம்மாவுக்கும் அப்படியில்லை. பினாங்கு மலேசியாவில் இருக்கிறது. இலங்கைப் பாஸ்போட்காரர் மலேசிய விசாவை முன்கூட்டியே இணையத்தில் எடுத்திருக்க வேண்டும்.

"நாங்கள் பினாங்கில் இறங்காமல் கப்பலிலேயே இருக்கிறோம், பிறகு விசா எதற்கு?" என்று கேட்பார்கள். அதை நம்பிப் போகாதீர்கள். பயண வழியில் உள்ள நாடுகளுக்கான பத்திரங்கள் சரியில்லை என்றால் கப்பல் கம்பனி சிங்கப்பூரிலேயே ஏற்ற மறுக்கலாம். என்னிடம் பிறகு வந்து சொன்ன ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் கப்பலில், தாயும் தகப்பனும் கரையில். கட்டிய காசும் போய்விட்டது. எனவே அம்மாவின் பாஸ்போட் இலங்கையுடையது என்று குறிப்பிட்டுக் கம்பனிக்கு மின்னஞ்சல் போட்டு, எந்தெந்த விசா வேண்டும் என்று எழுத்தில் பதில் எடுங்கள். தாய்லாந்து விதி அடிக்கடி மாறும், அதையும் பயணத் திகதியைச் சொல்லியே கேளுங்கள். பாஸ்போட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்குப் பட்டது சரி. விமானம் பிந்தினால் கப்பல் காத்து நிற்காது. பரந்தனில் வான் ஏறி, வவுனியா, அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு என்று கட்டுநாயக்கா போய்ச் சேரவே அம்மாவின் கால் வீங்கிவிடும். அதன் பிறகு நாலு மணித்தியாலம் அளவில் விமானம். அண்ணாவுக்கோ ரொறன்ரோவின் பகல் சிங்கப்பூரில் இரவு. அதே நாளில் கப்பல் ஏறினால் முதல் இரண்டு நாளும் ஆளுக்கொரு மூலையில் நித்திரைதான். முதலில் நகரத்தில் இருந்து களைப்பாறுங்கள்.

ஆனால் கப்பல் இறங்கிய பிறகும் ஒரு இரவாவது கட்டாயம் வையுங்கள். இறங்குகிற காலை ஒரே பரபரப்பு. பெரிய பைகளை முதல் நாள் இரவே அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், விடிந்ததும் சாப்பாடு, அறையைக் காலி பண்ணு, வரிசையில் நில். அன்றைக்கே விமானமும் என்றால் தாயும் மகனும் வரிசையில் நின்றபடிதான் பிரிய வேண்டி வரும். இத்தனை பாடுபட்டுச் சந்தித்து அப்படிப் பிரியக்கூடாது. மருந்து, பாஸ்போட், மாற்றுடுப்பு மூன்றும் வாசலில் வைக்கும் பைக்குள் போகாமல் கைப்பையில் இருக்கட்டும்.

இன்னொன்று, சிங்கப்பூர் வருகை அட்டையை விமானத்தில் வரும்போது நிரப்புவது போல, கப்பலில் திரும்பி வரும்போதும் புதிதாக நிரப்ப வேண்டும். வருவதற்கு மூன்று நாளுக்குள் அரசாங்க இணையத்தளத்தில் செய்யலாம், காசு கிடையாது. காசு கேட்கிற தளம் என்றால் அது வேறு யாரோ நடத்துவது.

முல்லைக்கரை:

பிள்ளை, உங்கள் அம்மாவின் பயம் எனக்குத் தெரியும். நான் சுனாமிக்குப் பிறகு திரும்பத் தொழிலுக்குப் போனவன். அவவிடம் இதைச் சொல்லுங்கள்: சுனாமி கரையை நெருங்கும்போதுதான் எழும்பும். 2004 அலையைச் செய்மதி அளந்தபோது நடுக்கடலில் அதன் உயரம் 60 சென்ரிமீற்றர் அளவில்தான் இருந்தது. ஆழத்தில் நிற்கிற கப்பலுக்கு அது தெரியாமலே கடந்து போய்விடும். புக்கெட்டிலும் பினாங்கிலும் அன்று அலை அடித்ததை மட்டும் மறைக்காதீர்கள். அங்கே போய் வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட உங்கள் வாயால் தெரியட்டும். இறங்க விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பினாங்குக்குப் போவது மலாக்கா நீரிணை வழியாக. ஒரு பக்கம் சுமாத்திரா, மறுபக்கம் மலேசியா, நடுவில் ஒடுங்கிய கடல். எங்கள் வாடைக்காற்றுக் கடல் போல் எழும்பாது. அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் எடுங்கள். அணியமும் பின்புறமும்தான் கூட ஆடும். யன்னல் இல்லாத அறை மலிவு, ஆனால் அம்மாவுக்கு வேண்டாம். வெளிச்சம் தெரிய வேண்டும்.

இதை மறந்துவிடாதீர்கள். ஏறிய அன்றே ஆபத்து நேரப் பயிற்சி நடக்கும். ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் ஒலிக்கும். வன்னியில் கடைசி வரைக்கும் இருந்த சனத்துக்குத் திடீரென்று அப்படி ஒரு சத்தம் கேட்டால் கால் தானாகவே பங்கர் தேடும். வீட்டிலேயே சொல்லி வையுங்கள், ஏறிய பிறகும் சொல்லுங்கள். ஊதும் நேரத்தில் அண்ணா பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

மாங்குளத்தான்:

நான் இங்கே சிங்கப்பூரில் வேலை செய்கிறேன், அக்கா. தங்குவதற்கு லிட்டில் இந்தியாப் பக்கம் பாருங்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சந்தை, சைவச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் கிட்டக் கிட்ட. அம்மா அதிகம் நடக்கத் தேவையில்லை. கப்பலால் காலையில் இறங்குவீர்கள், ஹோட்டல் அறை பொதுவாகப் பின்னேரம்தான் கிடைக்கும். பைகளை வரவேற்பில் கொடுத்துவிட்டு வெளியே போய்வரலாம். எந்தத் துறை என்று ரிக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மரினா பே ஒன்று, ஹார்பர்ஃபுரொண்ட் மற்றது. பைகளோடும் அம்மாவோடும் ரயில் வேண்டாம், டாக்சி பிடியுங்கள்.

வெற்றிலை, பாக்கு இங்கே வாங்கலாம். மெல்லுகிற புகையிலை இங்கே சட்டப்படி தடை. அம்மாவின் வெற்றிலைப் பையைக் கட்டுநாயக்காவுக்கு முதலே ஒருக்கால் தட்டிப் பாருங்கள். தெருவில் துப்பினாலும் தண்டம்.

நேரம் இருந்தால் கத்தோங்கில் உள்ள செண்பக விநாயகர் கோயிலுக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். அது இருக்கும் தெருவின் பெயரே சிலோன் சாலை. அந்தக் காலத்தில் இங்கே வந்த எங்கள் ஆட்கள் வளர்த்த கோயில், இன்றைக்கும் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம்தான் நடத்துகிறது. ஊர்ப் பேச்சு காதில் விழும், அம்மாவுக்குப் பிடிக்கும்.

பரந்தன் தங்கச்சி:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. நேற்று இரவு அண்ணாவுடன் கதைத்தேன். மலேசிய விசா பற்றி அவர் யோசித்திருக்கவே இல்லை. கப்பல் கம்பனிக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறார், பதில் வரும் வரை காசு கட்டமாட்டார். தங்குவதைக் கப்பலுக்கு முதல் வைத்து, இறங்கிய பிறகு ஒரு இரவு என்று மாற்றிவிட்டோம்.

முல்லைக்கரை ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஊதல் எத்தனை தரம் என்று திருப்பிக் கேட்டார். யன்னல் உள்ள அறைதான் வேண்டுமாம்.

மாங்குளத்தான் தம்பி, சிலோன் சாலைக் கோயிலில் காலைப் பூசை எத்தனை மணிக்கு என்று முடிந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.