ஊர்ல ரூம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு பட்டியல் போடுவோம்

சொந்தங்களுக்கு வணக்கம். பொங்கல் கூட்டத்துல, ஊர்ல ஒரு ரூம் கட்டி பழைய போட்டோ, கடுதாசி, ஏடு எல்லாத்தையும் கொண்டுபோய் வைக்கலாம்னு பேசுனாங்க. எனக்கு மனசு ஒப்பல, அங்க எந்திரிச்சு சொல்ல வரல, அதான் எழுதுறேன்.

கட்டிட்டா தினம் தொறந்து கூட்டுறது யாரு? ஐப்பசி மழையில பூட்டியே கிடந்தா பூஞ்சை புடிச்சிரும். பொருள் அந்தந்த வீட்டுலயே இருக்கட்டும், யாருகிட்ட என்ன இருக்குன்னு ஒரு பட்டியல் மட்டும் நம்ம எல்லார் கையிலயும் இருக்கணும். பழைய தமிழ் புஸ்தகம் சேகரிச்ச ரோஜா முத்தையா கோட்டையூர்ல தன் வீட்டுலதானே அத்தனையும் சேர்த்து வச்சிருந்தார், அவர் 1992ல போன பிறகுதான் அது சென்னையில நூலகமாச்சு.

எங்க தாத்தா நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி சிங்கப்பூர் வந்தவர், 1926ல கட்டுன கப்பல், 1973 வரைக்கும் ஓடுச்சு. அவரோட டிரங்கு பெட்டி இப்ப என்னோட தோ பாயோ வீட்டுல இருக்கு. கப்பல் டிக்கெட்ட பத்திரமா இருக்கட்டும்னு நான் லேமினேட் பண்ணிட்டேன், இனிமே பிரிச்சா காகிதமும் சேர்ந்து கிழியும். தயவுசெஞ்சு யாரும் அதைப் பண்ணாதீங்க, செல்லோடேப்பும் ஒட்டாதீங்க, துருப்பிடிச்ச குண்டூசிய மெல்ல எடுத்துருங்க. இங்க ஈரக்காத்து அதிகம், மூடி இறுக்கமா இருக்கற டப்பாவுல ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. ஸ்கேன் பண்ணா தெளிவு அளவ 600 டிபிஐன்னு வைங்க, வாட்ஸப்புல போட்டோவா அனுப்பாம டாக்குமென்டா அனுப்புங்க, இல்லன்னா தெளிவு போயிரும். கடுதாசிய பொதுவுல போடறதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்காரங்கள கேட்டுக்கங்க, கடன் விவகாரம், அண்ணன் தம்பி சண்டை எல்லாம் அதுல இருக்கும்.

அதைவிட அவசரம் ஒண்ணு இருக்கு. பெட்டியில ஒரு குரூப் போட்டோ, ஏழு பேரு. போன வருஷம் ஊர்ல பெரியப்பாவுக்கு அனுப்புனேன், அஞ்சு பேர அடையாளம் சொன்னாரு, மிச்ச ரெண்டு பேர யோசிச்சு சொல்றேன்னாரு. கார்த்திகையில அவரு போயிட்டாரு. நான் அன்னிக்கே போன் போட்டு பேசவச்சு ரெக்கார்ட் பண்ணிருக்கணும்.

அதனால பட்டியல்ல என்ன பொருள், யாரு வீட்டுல இருக்கு, அதைப் பத்தி யாரு சொன்னாங்க, இந்த மூணும் போதும். வீட்டுக்கு ஒண்ணு, இந்த மாசத்துக்குள்ள அனுப்புங்க, டைப் பண்ணி சேர்க்கறது என் பொறுப்பு.

அந்தப் போட்டோவை இதோட இணைச்சிருக்கேன். வலது ஓரம் தோள்ல துண்டு போட்டு நிக்கறவரும், முன்னாடி உக்காந்திருக்கற சின்னப் பையனும் யாருன்னு உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இன்னிக்கே காட்டிக் கேளுங்க.