யோவாசோபியின் முதல் நாடு தழுவிய சுற்றுப்பயணம்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

2023 வசந்தத்தில் ஜப்பானிய இசை ஜோடி யோவாசோபி நாடு முழுக்கச் சுற்றிவந்த 'தென்கோ செக்கா' பயணத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? ஏழு நகரங்கள், 14 நிகழ்ச்சிகள், ஏறத்தாழ 1,30,000 பேர் என்று கணக்கு சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நான்கைந்து பேராவது இருந்திருப்பீர்கள். நான் பார்த்தது டோக்கியோவை ஒட்டிய சைதாமாவில், ஜூன் மாதம். என் அனுபவத்தை முதலில் எழுதிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் தொடருங்கள்.

இவர்களைப் புதிதாகக் கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பாட்டெழுதி இசையமைப்பவர் அயாசே, கணினிக் குரலில் பாடவைக்கும் வோகலாய்ட் மென்பொருளில் பாட்டுகள் செய்து வளர்ந்தவர். பாடுபவர் இக்குரா. சிறுகதைகளைப் பாட்டாக்குவோம் என்ற யோசனையில் 2019இல் சேர்ந்த ஜோடி இது. முதல் பாட்டு அந்த டிசம்பரில் வந்தது. இரண்டே மாதத்தில், 2020 பிப்ரவரி கடைசியில், கொரோனா பரவியதால் பெரிய நிகழ்ச்சிகளை நிறுத்தும்படி அரசு கேட்டுக்கொண்டது. அரங்குகள் மூடின. ஆனால் பாட்டு மட்டும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. சிடியே போடாத அந்தப் பாட்டுதான் 2020ஆம் ஆண்டின் பில்போர்ட் ஜப்பான் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதலிடம். தொலைக்காட்சியில் இவர்கள் முதன்முதலாகப் பாடியது அந்த டிசம்பர் 31 அன்று, ஆண்டு முடிவில் நாடே பார்க்கும் கோஹாகு பாட்டு நிகழ்ச்சியில். அதுகூட ஓர் அருங்காட்சியகத்தின் புத்தக அலமாரிகளுக்கு நடுவே நின்றுதான். அடுத்த பிப்ரவரியில் நடந்த முதல் கச்சேரியும் இணையத்தில். டோக்கியோவின் ஷின்ஜுகுவில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த ஓர் இடத்திலிருந்து ஒளிபரப்பினார்கள்.

நாடே முணுமுணுக்கும் பாட்டு, எதிரே கேட்க ஆளில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் 2023 பயணம் ஏன் எங்களை அப்படி ஆட்டிவைத்தது என்று புரியும்.

2021 டிசம்பர் 4, 5 தேதிகளில் டோக்கியோவின் புதோகான் அரங்கில் நடந்ததற்கும் நான் போயிருந்தேன். அது அவர்கள் பார்வையாளர்களை நேரில் சந்தித்த முதல் கச்சேரி. எங்கள் யாருக்கும் வாய் திறக்க அனுமதி கிடையாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு கைதட்டலாம், அவ்வளவுதான். இக்குரா ஒரு பாட்டை முடித்ததும் ஆயிரக்கணக்கான பேர் கையை மட்டும் தட்டிவிட்டு அமைதியாக நின்றோம். மழை பெய்து சட்டென்று ஓய்ந்தது போல இருக்கும் ஒவ்வொரு பாட்டு முடிவும். எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு, என்ன செய்வதென்றே தெரியவில்லை.

2023 ஜனவரி கடைசியில் முழுக் கூட்டத்தோடும் குரல் எழுப்பலாம் என்று விதி தளர்ந்தது. மார்ச் 13 முதல் முகக்கவசம் அவரவர் விருப்பம் என்றானது. ஏப்ரல் 5 அன்று நகோயாவில் பயணம் தொடங்கியது. சரியான நேரம்.

சைதாமா சூப்பர் அரினா, சைதாமா-ஷின்தோஷின் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. இருபதாயிரத்துக்கு மேல் கொள்ளும். எனக்குக் கிடைத்தது 500 லெவல், அதாவது உச்சி. அங்கிருந்து பார்த்தால் இருவரும் விரல் நுனி அளவு, முகத்தைத் திரையில்தான் பார்க்க முடியும். ஆனால் உச்சியில் உட்கார்ந்தவனுக்கு வேறொரு கொடுப்பினை உண்டு: கூட்டத்தின் குரல் எப்படிப் புறப்பட்டு எப்படி வந்து சேர்கிறது என்று முழுசாகக் கேட்கும். கீழ்த்தளத்தில் எழும் கூச்சல் நூறு மீட்டர் கடந்து நம்மிடம் வர ஏறத்தாழ 0.3 நொடி பிடிக்கும். அதற்குள் நம் பக்கத்து ஆட்கள் கத்தியிருப்பார்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கான்கிரீட்டில் மோதித் திரும்பும். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது வேண்டியிருந்தது. புதோகானில் கேட்காமல் போனது அதுதானே.

'ஐடல்' பாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பயணம் தொடங்கி ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 12இல் வந்தது. ஜூன் மாதம் அமெரிக்கா நீங்கலான பில்போர்ட் உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஜப்பானிய மொழிப் பாட்டு ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. அந்தப் பாட்டின் ஒலிப்பதிவிலேயே ரசிகர்கள் போடும் கோஷம் கலந்திருக்கிறது. வீட்டில் காதில் மாட்டிக் கேட்கும்போது யாரோ போட்ட கோஷம், சைதாமாவில் நாங்கள் போட்டோம். எனக்கு முன்வரிசையில் அலுவலக உடையோடு நேராக வந்திருந்த ஒரு பெரியவர், நிச்சயம் ஐம்பது தாண்டியவர், ஒரு கோஷம்கூட விடவில்லை. இடைவெளியில் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

இன்னொன்று, பாடுவது. அயாசே மெட்டுகளில் மூச்சு வாங்க இடமே இருக்காது, கணினிக் குரலுக்குச் செய்து பழகிய கை. ஒலிப்பதிவில் வெட்டி ஒட்டியிருப்பார்களோ என்று சந்தேகப்படுபவர்கள் ஒருமுறை நேரில் கேட்க வேண்டும். இக்குரா அந்த வேகத்திலேயே மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே பாடுகிறார். சொல் எதுவும் நழுவவில்லை.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

பதில், நகோயாவிலிருந்து

அண்ணா, நான் முதல் நாளே போனவள். ஏப்ரல் 5, நிப்பான் காய்ஷி ஹால். காசாதேரா நிலையத்தில் இறங்கி, வழி கேட்கவே தேவையில்லை, கூட்டத்தோடு நடந்தால் போதும்.

உங்கள் சைதாமாவுக்கும் எங்கள் முதல் நாளுக்கும் நிறைய வித்தியாசம். மார்ச்சிலேயே விதி தளர்ந்திருந்தாலும் என் வரிசையில் முகக்கவசம் இல்லாதவரைப் பார்த்த நினைவில்லை. குரல் எழுப்பலாம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் யார் முதலில் என்ற தயக்கம். மூன்று வருஷப் பழக்கம் கையில் ஊறிப்போயிருந்தது. கத்த வேண்டிய இடத்திலெல்லாம் கை தானாகத் தட்டியது.

என் பக்கத்தில் அம்மாவோடு வந்த ஒரு பள்ளி மாணவி. இதுதான் அவளுக்கு முதல் கச்சேரி என்று அந்த அம்மா சொன்னார். பாட்டெல்லாம் மனப்பாடம், ஆனால் கச்சேரியில் எப்போது கத்துவது, எப்போது நிற்பது என்று எதுவும் தெரியாது. யோசித்துப் பாருங்கள், கச்சேரிக்குப் போகும் வயது வந்த நேரத்தில் அரங்கெல்லாம் மூடிக் கிடந்தது. அவள் என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். நானோ கூச்சக்காரி. ஆனால் ஒரு குழந்தை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா நிற்க முடியுமா? கத்தினேன். அவளும் கத்தினாள். பாதிக்கு மேல் அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

'ஐடல்' வெளியாக அன்றைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதனால் எங்களுக்குப் பழைய பாட்டுகள்தான் சொத்து. வீட்டில் தனியாக இருந்த நாட்களில் கேட்டவை. இவர்கள் வெளியிட்ட அந்த முதல் பாட்டின் தொடக்கம் கேட்டதும் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பதில், டிக்கெட் கிடைக்காதவன்

அக்கா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் உள்ளே போகவில்லை. இருந்தாலும் இதுவும் அந்தப் பயணத்தின் அனுபவம்தான் என்று நினைக்கிறேன்.

புதிதாக ஜப்பான் வந்தவர்களுக்கு: இங்கே இப்படிப் பெரிய கச்சேரிகளுக்கு நேராகப் போய் டிக்கெட் வாங்குவது அரிது, பெரும்பாலும் குலுக்கல்தான். முதலில் ரசிகர் மன்றத்துக்கு, அப்புறம் மற்றவர்களுக்குச் சுற்றுச் சுற்றாக. பேர் விழுந்தால் பணம் கட்ட வேண்டும், இருக்கை எண் பெரும்பாலும் நிகழ்ச்சி நெருங்கிய பிறகுதான் தெரியும். எனக்கு எல்லாச் சுற்றிலும் 'இம்முறை வாய்ப்பில்லை' என்ற மின்னஞ்சல்தான்.

சமூக வலைதளத்தில் ஒருவர் இரட்டிப்பு விலைக்குத் தருவதாகச் செய்தி அனுப்பினார். வேண்டாம் என்றுவிட்டேன். 2019 ஜூன் முதல் டிக்கெட்டைக் கூடுதல் விலைக்குத் தொழிலாக விற்பது குற்றம். ஓராண்டு சிறை, பத்து லட்சம் யென் அபராதம் வரை போகும். சட்டத்தை விடுங்கள், பெயர் சரிபார்த்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். விசாவில் இருக்கும் நமக்கு அந்தத் தலைவலி வேண்டவே வேண்டாம்.

ஆனாலும் மனசு கேட்காமல் சைதாமா போனேன். ரசிகர்களுக்காக விற்கும் துண்டு ஒன்று வாங்கிக்கொண்டு அரங்குக்கு வெளியே நின்றேன். பாட்டு கேட்காது, பேஸ் எனும் தாழ்ந்த ஒலியின் அதிர்வு மட்டும் காலில் ஏறும். என்ன பாட்டு என்று அந்த அதிர்வை வைத்தே என்னைப் போல நின்ற இரண்டு பேரோடு ஊகித்துக்கொண்டிருந்தோம். ஊழியர் வந்து, இங்கே நிற்காதீர்கள் என்று பணிவாகச் சொன்னார். நகர்ந்தோம். அந்த இருவரோடு இன்றும் பேச்சு இருக்கிறது. 2024 நவம்பரில் டோக்கியோ டோமில் இவர்கள் பாடியபோது அவர்களில் ஒருவருக்குக் குலுக்கலில் விழுந்தது, துணைக்கு வருபவராக என் பெயரைப் போட்டிருந்தார்.

முதலில் எழுதியவர்

தம்பி, துணைக்கு வருபவர் விஷயத்தை நல்ல நேரத்தில் சொன்னீர்கள். இதை எல்லோரும் கவனியுங்கள்: பல குலுக்கல்களில் விண்ணப்பிக்கும்போதே அவர் பெயரையும் கேட்பார்கள், பிறகு மாற்ற விடமாட்டார்கள். யாரோடு போவது என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். டோமில் எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், ஒலி எப்படி இருந்தது என்று தனியாக எழுதுங்கள். வடக்கே, தெற்கே வேறு நகரங்களில் பார்த்தவர்களும் வாருங்கள்.