தரையில் கிடக்கும் மேலங்கியைக் காக்க ஆள் நெஞ்சுயர வாளா? லிஸ்பன் 1651 பற்றி ஒரு வாதம்

நெடுவாள்:
இருகை நெடுவாள் என்றாலே போர்க்களத்தில் ஈட்டிக்காம்பை வெட்டுகிற ஆயுதம், மற்றபடி அரண்மனை அலங்காரம் என்றுதான் இங்கே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் ஒரே ஒரு சிறு கையேடு.

போர்த்துக்கல்லில் டியோகோ கோமெஸ் டி ஃபிகெய்ரேடு என்ற படைத்தலைவர் 1651இல் எழுதியது. மொந்தாந்தே என்று அவர்கள் சொல்லும் இருகை வாளுக்கான பயிற்சிக் குறிப்பு அது. எளிய விதி 16, அவற்றுக்கு இணையாகக் கூட்டு விதி 16. எதிராளி ஒருவனோடு மோதுவது பற்றி அதில் பேச்சு குறைவு. அகலத் தெருவில் பலர் சூழ்ந்தால், குறுகிய தெருவில் முன்னும் பின்னும் ஆள் வந்தால், துடுப்புக் கப்பலின் நடைபாதையில் மாட்டிக்கொண்டால், நீள்கோல் ஆயுதக்காரர்கள் வந்தால், இருவர் சண்டையை விலக்க வேண்டுமென்றால், கூட வரும் பெண்ணைக் காக்க வேண்டுமென்றால் என்று இடம் இடமாகப் பாடம் போகிறது. அதில் ஒன்றுதான் மேலங்கியைக் காப்பது. அங்கி தரையில் கிடக்கிறது, வாள்காரன் அதை விட்டு நகராமல் சுற்றி வருபவர்களை அண்டவிடாமல் நிற்கிறான்.

தன் பொருளைத் தானே காத்துக்கொள்ள ஒரு தனி ஆளுக்குச் சொன்ன நடைமுறைப் பாடம் இது என்பது என் வாதம். மறுப்பு இருந்தால் வாருங்கள்.

கடற்காகம்:
நானும் அதைப் படித்திருக்கிறேன் நெடுவாள். நீங்கள் விட்டுவிட்ட ஒரு விவரம் உண்டு. அந்தப் பாடம் யாருக்குக் கொடுக்கப்பட்டது? போர்த்துக்கல் பட்டத்து இளவரசர் தியோடோசியோவுக்கு. 1634இல் பிறந்தவர், அப்போது வயது 17. நான்காம் ஜொவாவ் மன்னரின் மூத்த மகன். அவருடைய மேலங்கியை எந்தத் திருடன் தெருவில் வந்து பறிக்கப்போகிறான்? சுற்றிலும் மெய்க்காவலர் இருக்க மாட்டார்களா?

இரண்டாவது, காலம். 1651 என்றால் ஸ்பெயினோடு விடுதலைப் போர் நடந்துகொண்டிருக்கிறது, களத்தில் துப்பாக்கி பேசுகிறது. அந்த நேரத்தில் இருகை வாள் என்பது உடலை முறுக்கேற்றும் கலை. தரையில் ஒரு துணியைப் போட்டு அதைச் சுற்றிக் காலடி வைக்கச் சொன்னால் மாணவனுக்கு வட்டம் பிடிபடும். அங்கி ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

மூன்றாவது, எடை. நெதர்லாந்தின் லீவார்டன் நகரில் உள்ள ஃபிரீசிய அருங்காட்சியகத்தில், பீர் கெர்லோஃப்ஸ் டோனியா என்ற 16ஆம் நூற்றாண்டுக் கிளர்ச்சித் தலைவருடையது என்று சொல்லி ஒரு வாள் வைத்திருக்கிறார்கள். நீளம் 2.13 மீட்டர், எடை 6.6 கிலோ. இதைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு யார் போவார்கள்?

நெடுவாள்:
எடையை முதலில் முடித்துவிடுவோம். ஊர்வலத்தில் தூக்கிப் பிடிப்பதற்கென்றே பெரிதாக அடித்த வாள்கள் அந்தக் காலத்தில் ஏராளம். லீவார்டன் வாளை வைத்து மொந்தாந்தேயை எடைபோடக் கூடாது. சண்டைக்கான மொந்தாந்தே பெரும்பாலும் 2 முதல் 3 கிலோ. தரையில் ஊன்றினால் நெஞ்சுக்கோ தோளுக்கோ வரும்.

அடுத்து, யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்ற கேள்வி. இத்தாலியில் ஜாக்கமோ டி கிராஸி 1570இல் வெனிஸில் அச்சிட்ட நூலில் இதற்குப் பதில் இருக்கிறது. சிலர் பலரை எதிர்த்து நிற்க வேண்டிய நிலை வரும்போது, நகரத்துக்குள்ளேயே பகலிலும் இரவிலும் இந்த வாளை எடுத்துச் செல்வது வழக்கம் என்கிறார். பலம் மிக்க, நெஞ்சுரம் உள்ள ஆட்களிடம்தான் இதைக் கொடுப்பார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அதாவது எல்லோரும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த ஆயுதம் அல்ல. ஆனால் தெருவுக்கு வந்த ஆயுதம்தான்.

இனி அங்கி. நமக்கு அது ஒரு துணி. அந்த ஊரில் அது குளிருக்குப் போர்வை, மழைக்குக் குடை, இரவில் படுக்கை. ஆளின் அந்தஸ்தும் அதில்தான் தெரியும். ஸ்பானிய மொழியில் ‘கப்பேயாதோர்’ என்று ஒரு சொல்லே உண்டு. இரவில் மேலங்கி பறிக்கும் திருடன் என்று பொருள். பறிப்பதற்கே ஒரு வினைச்சொல்லும் இருக்கிறது. ஒரு திருட்டுக்குத் தனிப் பெயர் விழும் அளவுக்கு அது நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இருகை வாளைச் சுழற்ற வேண்டுமென்றால் தோளில் அங்கி தொங்கக் கூடாது, கையைச் சுற்றிக்கொள்ளும். கழற்றிக் கீழே போட்டே ஆக வேண்டும். போட்டதும் அது களவு போகக்கூடிய பொருள் ஆகிவிடுகிறது. விதி பிறந்த இடம் இது.

கம்புக்காரன்:
நான் சிலம்பம் ஆடுகிறவன், ஐரோப்பிய வாள் பற்றிப் பெரிதாகத் தெரியாது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல வரவில்லை. ஆனால் பலரை ஒருவன் சமாளிக்கிற ஆட்டம் எங்களிடமும் இருப்பதால் ஒரு சந்தேகம்.

கம்புக்கு இரண்டு முனை. ஒரு முனை பின்னால் போகும்போது மறுமுனை முன்னால் இருக்கும். வாளுக்கு ஒரு முனைதான். வீச்சு உங்கள் முதுகுப் பக்கம் போகிற அந்த அரை நொடியில் முன்பக்கம் வெறுமை. என்னை அடிக்க வருபவன் என்றால் அந்த அரை நொடியில் உள்ளே புகப் பயப்படுவான், ஏனென்றால் திரும்பி வரும் வீச்சில் மாட்டுவான். ஆனால் துணியைப் பறிக்க வருபவனுக்கு என்னை அடிக்க வேண்டிய அவசியமே இல்லையே? பாய்ந்து ஒரு இழுப்பு, ஓட்டம். பொருளைக் காப்பதுதான் உயிரைக் காப்பதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடற்காகம்:
அருமையான கேள்வி. இதற்கு நெடுவாளிடம் பதில் இருக்குமா என்று பார்க்கலாம். கழியில் ஒரு கொக்கி கட்டி இழுத்தாலே போதும், அங்கி போய்விடும்.

மாலினி:
நெடுவாளுக்கு முன்னால் நான் சொல்கிறேனே. வெளிநாட்டில் ஒரு சிறு குழுவோடு ஆறு ஆண்டுகளாக இந்த விதிகளைப் பயிற்சி செய்கிறேன். முனை மழுங்கிய 2.4 கிலோ இரும்பு வாள், தரையில் பழைய கம்பளி ஒன்று.

கம்புக்காரன் அண்ணா கேட்ட அரை நொடி உண்மை. முதல் மாதம் எனக்கும் அங்கேதான் கம்பளி போயிற்று. வாளைத் தோள் பலத்தால் இழுத்துத் திருப்பினேன், ஒவ்வொரு திருப்பத்திலும் அது நின்று நின்று கிளம்பியது. வலமிருந்து இடம் போகும் வெட்டுக்கு ‘தால்யு’, இடமிருந்து வலத்துக்கு ‘ரெவேஷ்’ என்று பெயர். இரண்டையும் தனித்தனி அடியாக நினைத்தால் நடுவில் ஓட்டை விழுகிறது. வாள் போகிற பக்கமே காலும் போக வேண்டும், ஒன்று முடிகிற வேகத்திலேயே அடுத்தது கிளம்ப வேண்டும். பிடியில் மேல்கை திசை காட்டுகிறது, கீழ்க்கை பிடியின் அடிமுனையில் உள்ள குமிழைத் தள்ளியும் இழுத்தும் திருப்புகிறது. அப்போது வாளின் எடை எதிரியாக இருப்பது போய் நமக்கு வேலைக்காரன் ஆகிவிடுகிறது. கையும் வாளும் சேர்ந்து ஏறக்குறைய 2 மீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம், அதற்குள் கால் வைக்க எவருக்கும் மனம் வராது.

ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை. பறிப்பவன் குனிய வேண்டும் அண்ணா! துணி தரையில் கிடக்கிறது. அதைத் தொட அவன் தலையை முன்னால் நீட்டி, முழங்காலை மடக்கி, எடையை முன்காலில் போட வேண்டும். குனிந்தவனால் பின்னால் தாவ முடியாது. பார்வையும் துணியில் இருக்கும், வாளில் இருக்காது. எங்கள் குழுவில் பறிக்க வந்தவர்கள் பெரும்பாலும் மாட்டியது பாயும்போது இல்லை, நிமிரும்போது.

அதே கையேட்டில் பெண்ணைக் காக்கும் விதியும் இருக்கிறது என்று நெடுவாள் சொன்னார். அது எனக்கு இதைவிடப் பல மடங்கு கஷ்டம். ஆள் நகர்வாள், பயந்து பின்னால் ஒட்டுவாள், வாள் அவள் மேலேயே பட்டுவிடக் கூடாது. துணி கிடந்த இடத்தில் கிடக்கும்.

கடற்காகம்:
மாலினி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், குனிவது பற்றிய புள்ளியை நான் யோசித்ததில்லை. ஆனாலும் ஒரு கம்பளியை வைத்து உங்கள் குழு செய்வது விளையாட்டாக இருக்கும்போது, ஃபிகெய்ரேடு செய்ததும் அப்படித்தான் என்று ஏன் சொல்லக் கூடாது?

என் பக்கத்துக்கு ஒரு சான்று. ஸ்பானிய மொழியில் ‘மெதேர் எல் மொந்தாந்தே’ என்று ஒரு வழக்கு உண்டு. நேரடியாகச் சொன்னால் நடுவில் மொந்தாந்தேயைப் போடுவது, பொருள் சண்டையை விலக்கிவிடுவது. வாள்வித்தைக் கூடத்தில் மாணவர்கள் மோதும்போது எல்லை மீறினால் ஆசிரியர் பெரிய வாளை நடுவில் நீட்டி நிறுத்துவார், அதிலிருந்து வந்த வழக்கு. அப்படியென்றால் இந்த வாளின் நிஜமான வாழ்க்கை கூடத்துக்குள்தான். தெரு, கப்பல், அங்கி எல்லாம் பாடத்துக்குச் சுவை கூட்டச் சேர்த்த காட்சிகள்.

நெடுவாள்:
அந்த வழக்கு எனக்கும் பிடிக்கும், ஆனால் அது உங்கள் பக்கம் நிற்கவில்லை. ஆசிரியர் ஏன் அந்த வாளைத் தேர்ந்தெடுத்தார்? ஆளை வெட்டாமல் இடத்தைப் பிடிக்க அதைவிட நல்ல ஆயுதம் கையில் இல்லை. இருவருக்கு நடுவில் வெறும் இடத்தை உண்டாக்குவதும், ஒரு அங்கியைச் சுற்றி வெறும் இடத்தை உண்டாக்குவதும் ஒரே வேலை. கூடத்தில் பலித்தது தெருவில் பலிக்காமல் போக என்ன காரணம்?

இளவரசர் வாதத்துக்கு வருகிறேன். அவருக்காகப் புதிதாகக் கட்டிய பாடம் இது என்றால் நீங்கள் சொல்வது நிற்கும். ஆனால் டொமிங்கோ லூயிஸ் கொதின்யோ என்ற போர்த்துக்கீசியர் 1599இல் ஸ்பானிய மொழியில் எழுதிய கையெழுத்துப் படியிலும் மொந்தாந்தே பாடம் இருக்கிறது, பலரை எதிர்த்து நிற்பதுதான் அதற்கும் அடிப்படை. இளவரசர் பிறப்பதற்கு 35 ஆண்டுகள் முன்பு எழுதியது. பழைய தெருவித்தையை அரண்மனைக்குக் கொண்டுபோயிருக்கிறார் ஃபிகெய்ரேடு, அவ்வளவுதான். துடுப்புக் கப்பலின் நடைபாதை எவ்வளவு ஒடுக்கம் என்று நினைத்துப் பாருங்கள். வெறும் உடற்பயிற்சிக்கு அப்படியொரு இடத்தை யார் தேடிப் போய்ச் சொல்லப்போகிறார்கள்?

கொக்கி கட்டிய கழிக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன். கழியை வெட்டித் தள்ளலாம், ஏனென்றால் அது வட்டத்துக்குள் வந்துதான் ஆக வேண்டும். ஆனால் கல்லெறிந்தால் இந்த வித்தையில் வழி இல்லை. கைத்துப்பாக்கி இருந்தாலும் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

கடற்காகம்:
சரி, கொதின்யோவின் ஆண்டு என் இளவரசர் வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது. அதை விட்டுவிடுகிறேன். ஆனால் கல்லுக்குப் பதில் இல்லாத வித்தையைத் திருட்டுக்குத் தீர்வு என்று ஒத்துக்கொள்ள எனக்கு இன்னும் மனம் இல்லை. தெருப்பிள்ளைகள் முதலில் எடுப்பது கல்தான்.

கம்புக்காரன்:
இரண்டு நாள் கழித்து வருகிறேன். மாலினி சொன்னதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை. நேற்று சாயங்காலம் மொட்டைமாடியில் என் வேட்டியை நாலாக மடித்துப் போட்டேன். அக்கா பையன்கள் இரண்டு பேர், பதினான்கும் பதினாறும். கம்பின் ஒரு முனையில் மட்டும் துணி சுற்றி, அந்த முனையால் மட்டும்தான் தொட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன், ஒற்றை முனை வாள் மாதிரி. மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

முதல் ஐந்து தடவையில் நாலு தடவை வேட்டி போயிற்று. நான் பையன்களைத் துரத்தினேன், அதுதான் தப்பு. ஒருவனை நோக்கி ஒரு காலடி வைத்ததும் மற்றவன் பின்னால் வந்து எடுத்துவிடுகிறான். அப்புறம் எவனையும் பார்க்காமல், வேட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, அதைச் சுற்றி மட்டும் காலடி வைத்து வீசினேன். அடுத்த பத்தில் இரண்டு முறைதான் போயிற்று. பெரியவன் குனிந்தபோது முதுகில் லேசாகத் தொட்டேன், மாலினி சொன்ன மாதிரியே நிமிர முடியாமல் முழங்காலில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டு நிமிடத்துக்கு மேல் அந்த வேகத்தில் சுழற்ற முடியவில்லை, அதுவும் கம்பு வாளைவிட எவ்வளவோ லேசு.

மாலினி:
அண்ணா, இரண்டு நிமிடம் நிறையவே நேரம். நானே அவ்வளவு நேரம் நிறுத்தாமல் சுழற்ற மாட்டேன். ஆட்கள் விலகி நின்றால் வாளைத் தோளில் சாய்த்து மூச்சு வாங்குங்கள், நெருங்கினால் மட்டும் கிளப்புங்கள். தோளிலிருந்து முதல் வெட்டு இறங்க நேரமே ஆகாது.

கடற்காகம்:
கம்புக்காரன், அடுத்த முறை பையன்கள் கையில் துணிப்பந்து நாலைந்து கொடுத்து எறியச் சொல்லுங்கள். எத்தனை முறை வேட்டி போகிறது என்று இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே பேசுகிறேன்.

கம்புக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை பையன்களுக்குப் பள்ளி இல்லை. செய்துவிட்டு எழுதுகிறேன்.