வெளி நிரல் தொகுப்புகளைக் கிட்டில் எப்படி வைப்பது? ஆலோசனை வேண்டும்

குழும உறவுகளுக்கு வணக்கம். மட்டக்களப்பு கல்லடியிலிருந்து நானும் நண்பர் ஒருவரும், அக்கரைப்பற்றுப் பக்கமுள்ள ஓர் அரிசி ஆலைக்காக, நெல் கொள்வனவையும் பற்றுச்சீட்டுகளையும் கவனிக்கும் மென்பொருளொன்றை லாரவெல் என்ற பிஎச்பி வலைச் சட்டகத்தில் எழுதி வருகிறோம்.

வெளியார் எழுதிய தொகுப்புகளைக் கொம்போசர் என்ற நிறுவற் கருவி வழியாகப் பெறுகிறோம். அவை இறங்கும் வெண்டர் கோப்புறையை, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் சேர்க்காமல், எந்தப் பதிப்பு வேண்டுமென்று குறித்துவைக்கும் லாக் கோப்பை மட்டும் சேர்க்கிறோம். பீடிஎஃப் உருவாக்கும் தொகுப்பொன்றில் தமிழ்க் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்ததால், வெண்டருக்குள்ளேயே சில வரிகளைத் திருத்தியிருந்தோம். (அப்படிச் செய்யக் கூடாதென்று அப்போதே தெரியும்; அறுவடைக் காலம், ஆலைக்காரர் அவசரப்படுத்தினார்.) சென்ற வாரம் வழங்கியில் அந்தக் கோப்புறையை அழித்து மீண்டும் நிறுவியபோது, லாக் கோப்பு சொன்ன பதிப்பே சரியாக இறங்கியது, எங்கள் திருத்தம் மட்டும் காணாமற்போனது.

திருத்திய தொகுப்பைச் சப்மொடியூலாக, அதாவது களஞ்சியத்துக்குள் இணைத்த தனிக் களஞ்சியமாக, வைக்கலாம்; ஆனால் தாய்க் களஞ்சியம் அதன் ஒரு கொமிட்டை (பதிந்த நிலையை) மட்டுமே சுட்டி வைப்பதால், சாதாரணமாகக் குளோன் செய்பவருக்கு (நகலெடுப்பவருக்கு) வெற்றுக் கோப்புறைதான் கிடைக்கும். நண்பர் அதில் ஏற்கெனவே அரை நாளைத் தொலைத்தார். வெண்டர் முழுவதையும் சேர்த்தால் களஞ்சியம் பருத்துவிடும். ஆனாலும் ஆலையின் இணைய இணைப்பு அடிக்கடி அறுபடுவதாலும், 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்பேட் என்ற சிறு தொகுப்பு நீக்கப்பட்டபோது எத்தனையோ பேரின் வேலை தடைப்பட்டதை நினைக்கையிலும், என் மனம் அதன் பக்கமே சாய்கிறது.

திருத்தத்தை, மாற்றிய வரிகளை மட்டும் கொண்ட பேட்ச் கோப்பாக வைத்து, நிறுவும்போது தானாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறீர்களா? மூலத் தொகுப்பின் புதிய பதிப்பில் அது பொருந்தாமற்போனால் என்ன செய்கிறீர்கள்? வழங்கியில் நிறுவாமல், கல்லடியிலேயே முழுப் பொதியாகக் கட்டி அனுப்புவது நல்லதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.