குன்னூர் வீட்டுக் கணப்பு: திறந்ததா, மூடியதா, மின்சாரமா?

(ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பழைய ஓட்டு வீடு

குன்னூரில் எங்கள் குடும்பத்துக்கு உரிமையான பழைய ஓட்டு வீட்டைச் செப்பனிட்டு வருகிறோம். கூடம் 15 அடிக்கு 18 அடி, உயரம் 10 அடி. அதில் ஆங்கிலேயர் காலத்துக் கணப்பு (குளிர்காய விறகு எரிக்கும் நெருப்பிடம்) ஒன்று, செங்கல் புகைபோக்கியோடு இருக்கிறது. அதையே சரிசெய்து திறந்த நெருப்பாக வைத்துக்கொள்வதா, அதற்குள் கண்ணாடிக் கதவுள்ள இரும்பு அடுப்பைப் பொருத்துவதா, விறகையே விட்டுவிட்டு மின்சாரத்துக்கு மாறுவதா என்று வீட்டில் மூன்று கருத்துகள் நிலவுகின்றன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மாலை முதல் இரவு வரை சுமார் 4 மணி நேரம் கூடம் சூடாக இருந்தால் போதும். அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சீகைக்காடு

இருக்கும் கணப்பை அப்படியே காப்பாற்றுங்கள் என்பதே என் கருத்து. அந்த வீடு அந்த நெருப்பைச் சுற்றியே திட்டமிடப்பட்டது. மின்சாரம் தடைப்படும் மழை இரவுகளில் அது மட்டுமே உங்களுக்குத் துணை நிற்கும். சீகை (வாட்டில் மர) விறகு இங்கே கிடைக்கிறது, நின்று எரிகிறது. குடும்பமே அமர்ந்து பேசும் இடத்தை இரும்புப் பெட்டிக்குள் அடைப்பது எனக்கு உடன்பாடில்லை.

வெப்பக் கணக்கு

சீகைக்காடு ஐயாவின் உணர்வை மதிக்கிறேன். ஆனால் வீட்டைச் சூடாக்குவதுதான் நோக்கம் என்றால் கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. கூடத்தின் கொள்ளளவு 2,700 கன அடி, அதாவது ஏறத்தாழ 76 கன மீட்டர். அதை 14ஆல் வகுத்தால் தேவையான ஆற்றல் கிலோவாட்டில் கிடைக்கும் என்பது அடுப்பு வாங்குவோர் பயன்படுத்தும் தோராய விதி. அதன்படி சற்றேறக்குறைய 5 கிலோவாட் வேண்டும். 4 மணி நேரத்துக்கு 20 யூனிட் வெப்பம்.

நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் வெப்பம் தரும். திறந்த கணப்பில் அதில் 15 விழுக்காடு அறைக்குள் தங்கினாலே நல்ல நிலை என்று கொள்ளலாம். மிச்சம் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. அப்படியானால் ஓர் இரவுக்கு 33 கிலோ விறகு தேவை. மூடிய அடுப்பு 75 விழுக்காட்டைத் தரும் என்பதால் அங்கே 7 கிலோ போதும். இதைவிட முக்கியமானது, திறந்த கணப்பு எரியும்போது அறைக் காற்றை ஓயாமல் மேலே இழுக்கிறது. அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கிலும் ஓட்டிடுக்கிலும் குளிர்காற்று நுழைகிறது. நெருப்புக்கு எதிரே அமர்ந்திருப்பவரின் முகம் சூடாகவும் முதுகு குளிராகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

சீகைக்காடு

உங்கள் 15 விழுக்காடு எல்லாக் கணப்புக்கும் பொருந்தாது. இயற்பியலாளர் ரம்ஃபோர்டு பிரபு 1796இல் கணப்பின் வடிவத்தை ஆராய்ந்து எழுதினார்: ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களை வெளிநோக்கிச் சாய்த்து, புகை நுழையும் கழுத்தைச் சுமார் 4 அங்குலமாகச் சுருக்கினால் கதிர்வீச்சு வெப்பம் அறைக்குள் திரும்பும், புகையும் உள்ளே சுழலாது. வெப்பம் தாங்கும் தீச்செங்கல் இருந்தால் நம் ஊர்க் கொத்தனாரே இதைச் செய்துவிடுவார், இறக்குமதி அடுப்பின் விலையில் ஒரு சிறு பங்கில். பழைய கணப்புகள் பல ஆழமான பெட்டிகளாக இருப்பதால்தான் அவை மீது இவ்வளவு குறை சொல்லப்படுகிறது.

வெப்பக் கணக்கு

ரம்ஃபோர்டு அமைப்பு உண்மையிலேயே நல்ல முன்னேற்றம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது திறந்த வாய்தான். எரிவதற்கு வேண்டிய அளவு காற்றை மட்டும் உள்ளே விடும் கட்டுப்பாடு அதில் இல்லை. மூடிய அடுப்பின் வலிமையே அந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

மருத்துவமனைச் செவிலி

இருவரும் ஆஸ்துமாவைக் கடந்து போய்விட்டீர்கள். விறகுப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்பவை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்தத் துகள்களுக்கான 24 மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் மட்டுமே. மூடிய அடுப்பிலும் விறகிட ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் கொஞ்சம் புகை வெளியே வரும். ஆஸ்துமா உள்ளவர் தினமும் அமரும் அறையில் எவ்வகை விறகு நெருப்பையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கணப்புப் பழுதாக இருக்கிறது என்று யாரும் கும்முட்டி அடுப்பிலோ இரும்புச் சட்டியிலோ கரியைப் பற்றவைத்துப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கரி கனலும்போது புகை தெரியாது. ஆனால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வெளியேறும். அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைகிறது. தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் உறங்குபவர் எழ முடியாத நிலைக்குப் போய்விடுவார். மலை ஊர்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

கோத்தகிரி மின்பணி

செவிலி அம்மா சொல்வதால் மின்சாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். எண்ணெய் ரேடியேட்டரோ கம்பிச் சுருள் ஹீட்டரோ, வாங்கும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பத்தைத்தான் தரும். இரவுக்கு 20 யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 1,200 யூனிட். நம் மாநிலத்தின் கட்டண அடுக்குகளில் அது மேலே போய் நிற்கும். சூடாக்கும் வசதியும் கொண்ட இன்வெர்ட்டர் ஏ.சி. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே கடத்துவதால், குன்னூர்க் குளிரில் அதே வேலையை மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில், அதாவது இரவுக்கு ஏறத்தாழ 7 யூனிட்டில் முடிக்கும். எதை வாங்கினாலும் அந்தக் காலத்து ஒயரிங்கை மாற்றாமல் மாட்டாதீர்கள். எக்ஸ்டென்ஷன் போர்டில் ஹீட்டரை இணைப்பதும் வேண்டவே வேண்டாம்.

சீகைக்காடு

புயல் மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் ஏ.சி. எதற்குப் பயன்படும்? மலையில் வாழ்பவர்கள் ஒரே வழியை மட்டும் நம்பி வீட்டை அமைக்கக் கூடாது.

வெப்பக் கணக்கு

இதில் சீகைக்காடு ஐயாவோடு முழுமையாக உடன்படுகிறேன். அதனால்தான் மூடிய அடுப்பைச் சொல்கிறேன், ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. முதலாவது புகைபோக்கி. பழைய செங்கல் புகைபோக்கி திறந்த நெருப்புக்காக அகலமாகக் கட்டப்பட்டது. மூடிய அடுப்பின் மெல்லிய புகை அந்த அகலத்தில் குளிர்ந்து, சுவரில் தாராகப் படியும், அந்தத் தார் பிறகு தீப்பற்றக்கூடும். ஆகவே அடுப்புத் தயாரிப்பாளர் குறிப்பிடும் அளவில், வழக்கமாக 6 அங்குலம், துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உள்ளே மேலிருந்து கீழ்வரை இறக்க வேண்டும். அதன் முனை கூரையை விட்டு குறைந்தது 3 அடி உயர்ந்தும், 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயர்ந்தும் நிற்க வேண்டும். இல்லையென்றால் காற்று திரும்பிய நாளில் புகை கூடத்துக்குள் வரும்.

இரண்டாவது விறகு. வெட்டியவுடன் மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீராக இருக்கலாம். அது 20 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகே எரிக்கத் தகுந்தது. இங்கிலாந்தில் ஈர விறகைச் சிறு அளவுகளில் விற்பதை 2021 மே முதல் தடுத்தே விட்டார்கள். நமக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் வருவதால் உலர்த்த வாய்த்த காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். அப்போதே பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் அடுக்கி, அடுத்த குளிர்காலத்துக்கு எடுக்க வேண்டும். கற்பூர மரத்தைவிட (யூகலிப்டஸ்) சீகை மேல். மூன்றாவது, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. கூடத்திலும் படுக்கையறைப் பக்கமும்.

சீகைக்காடு

விறகைப் பற்றி ஒரு சேர்க்கை: சொந்தத் தோட்டத்து மரமாக இருந்தாலும் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955இன்படி அனுமதி பெற்றுத்தான் வெட்ட முடியும். இயற்கையான சோலைக்காட்டு மரங்களைக் கணப்புக்காகத் தொடுவதை எந்த நிலையிலும் ஏற்க இயலாது.

பழைய ஓட்டு வீடு

அனைவருக்கும் நன்றி. விறகுக் கணக்கு என் தந்தையின் எண்ணத்தை மாற்றிவிட்டது; செவிலி அம்மாவின் எச்சரிக்கை எங்கள் எல்லோரையும். ஒயரிங்கை முழுவதும் மாற்றிய பின் அம்மாவின் அறைக்கும் கூடத்துக்கும் இன்வெர்ட்டர் ஏ.சி. பொருத்தத் தீர்மானித்திருக்கிறோம். கூடத்துக் கணப்பில் இரும்பு அடுப்பை வைத்து, மின்சாரம் இல்லாத இரவுகளில் மட்டும் எரிக்கலாம் என்பது இப்போதைய எண்ணம்.

மருத்துவமனைச் செவிலி

அந்த இரவுகளில் அம்மா கூடத்தில் அல்லாமல் கதவு சாத்திய தம் அறையில் கம்பளியோடு இருக்கட்டும். மறுநாள் சாம்பலை அள்ளுபவரும் அவராக இருக்கக் கூடாது.

வெப்பக் கணக்கு

எப்போதாவது எரியும் அடுப்பின் புகைபோக்கியில் பறவைகள் கூடு கட்டும். குளிர்காலம் தொடங்கும் முன் ஆண்டுதோறும் அதைச் சுத்தம் செய்யுங்கள். முனையில் கம்பி வலையுள்ள மூடியும் இட வேண்டும். எஃகுக் குழாயை இறக்கும் முன் செங்கல்லில் விரிசல் உள்ளதா என்று கொத்தனாரை வைத்து உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுக் கூரையைத் தாங்கும் மரச்சட்டம் புகைபோக்கியை ஒட்டியிருந்தால், அதைச் சரிசெய்யும் வரை அடுப்பை வாங்க வேண்டாம்.