உள் கரண்ட் ரெண்டாவது தடவை: போறதுக்குக் கால் வரமாட்டேங்குதுங்க

சென்னிமலை தறிவீடு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு 48 வயசு, கர்ப்பப்பை வாயில கேன்சர். வெளிக் கரண்ட், அதாவது வெளிய இருந்து மெஷின்ல கதிர் வைக்கறது 25 நாள், வாராவாரம் சிஸ்பிளாட்டின்னு கேன்சர் மருந்து 5 தடவை, எல்லாம் முடிச்சுட்டேன். வாந்தி, வயித்தால போறது எல்லாத்தையும் தாங்கிட்டேனுங்க. இனி உள் கரண்ட், அதாவது உள்ள குழாய் வச்சு அது வழியாக் கதிர் குடுக்கறது, மூணு தடவைன்னாங்க. போன வியாழக்கிழமை முதல் தடவை ஆச்சு. ரெண்டாவதை வேண்டாம்னு சொல்லிரலாமான்னு இருக்குது.

எந்த ஆஸ்பத்திரின்னு எழுத விருப்பமில்லீங்க. ஒரு ஊசி போட்டாங்க. கண்ணு சொருகுச்சே ஒழிய வலி எல்லாம் தெரிஞ்சுது. குழாயை உள்ள வச்சு, நாடா மாதிரி துணியைத் திணிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஸ்கேன் எடுத்தாங்க. பொறவு இடுப்பை அசைக்காம கெடன்னு சொல்லிட்டுப் போனவங்க மூணு மணி நேரம் வரலீங்க. எதுக்குக் காத்துக் கெடக்கறேன்னு யாரும் சொல்லல. ஏசி குளுர்ல பல்லு கிட்டிப் போச்சு.

அப்பறம் கரண்ட் ரூமுக்குத் தள்ளிட்டுப் போய்க் கதவைச் சாத்துனாங்க. நான் தறிச் சத்தத்துல பொறந்து, தறிச் சத்தத்துக்கே வாக்கப்பட்டு வந்தவ. எங்க வீட்ல சத்தம் நின்னா நூல் அந்துருச்சுன்னு அர்த்தம். அந்த ரூம்ல ஒரு சத்தமும் இல்ல. எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னே நெனச்சுட்டேன். கடைசியில துணியை இழுக்கறப்பக் கத்திட்டேன். "மூணு பெத்தவதானே, இதுக்கா இப்படிக் கத்தறே"ன்னு ஒருத்தங்க கேட்டாங்க. அது காதை விட்டுப் போகல.

பேத்திக்கு ரெண்டு வயசு. கரண்ட் வச்ச ஒடம்பு, குழந்தையைத் தொடாதேன்னு பக்கத்து வீட்ல சொல்லிட்டாங்க. அவ கையை நீட்டிக்கிட்டு ஓடியாறா. நான் நூல் தார் சுத்தற மாதிரி ராட்டைப் பக்கம் திரும்பிக்கறேன்.

ஈரோட்டு டெக்னீசியன்:

அக்கா, நான் 11 வருசமா இந்த மெஷின்லதான் வேலை செய்யறேன். முதல்ல பேத்தியைத் தூக்குங்க. கதிர் குடுக்கறது இரிடியம் 192-ன்னு ஒரு உலோகம். அரிசி மணியை விடச் சின்னது, ஒரு மெல்லிசுக் கம்பி நுனியில இருக்கும். குழாய் வழியா வந்து, அங்கங்க சில நொடி நின்னுட்டு, திரும்பப் பெட்டிக்குள்ள போயிரும். உங்க ஒடம்புல ஒண்ணும் தங்காது. நீங்க ரூமை விட்டு வெளிய வரும்போது யாரை வேணாலும் கட்டிப் பிடிக்கலாம்.

அந்த மூணு மணி நேரம் டாக்டரும், கதிர் அளவைக் கணக்குப் பாக்கற பிசிசிஸ்ட்டும் உங்க ஸ்கேனை வச்சுக் கணக்குப் போட்டுட்டு இருப்பாங்க. மூத்திரப்பை முன்னால, மலக்குடல் பின்னால, ரெண்டும் ஒட்டியே இருக்கு. அதுங்களைத் தள்ளி வைக்கத்தான் அந்தத் துணி. இதை உங்ககிட்டச் சொல்லாம விட்டது எங்க மாதிரி ஆளுங்க தப்பு. அந்தப் பேச்சும் தப்பு.

ரூம்ல நீங்க தனியா இல்லீங்க. கேமரால உங்களையேதான் பாத்துட்டு இருப்போம். கூப்பிட்டாக் கேக்கும். முடியலைன்னு சொன்னா பட்டனை அமுக்கி நிறுத்தலாம், கம்பி திரும்பப் பெட்டிக்குள்ள போனதும் நாங்க கதவைத் தொறந்து வருவோம். பொறவு விட்ட எடத்துல இருந்து தொடங்கலாம்.

இன்னொண்ணு. இரிடியத்தோட சக்தி 74 நாளைக்கு ஒருக்காப் பாதியாகும். புதுசுல 7 நிமிஷத்துல முடியறது அப்ப 14 நிமிஷம் ஆகும். பக்கத்துப் படுக்கைக்காரங்களை விட உங்களுக்கு நேரம் கூட ஆச்சுன்னா நோய் முத்திருச்சுன்னு நெனச்சுராதீங்க.

நிறுத்த மட்டும் வேண்டாங்க்கா. வெளிக் கரண்ட் குடலு, மூத்திரப்பை மேலயும் படறதால அதை ஒரு அளவுக்கு மேல ஏத்த முடியாது. மிச்ச டோஸ் கட்டி இருந்த எடத்துக்குப் போய்ச் சேர இதுதான் நல்ல வழி. ஆரம்பிச்ச நாள்ல இருந்து எல்லாம் 8 வாரத்துக்குள்ள முடியணும்னு டாக்டருங்க பாப்பாங்க.

புளியம்பட்டி அம்மா:

கண்ணு, வெசனப்படாதே. எனக்கு 2021-ல இதே சீக்கு, நாலு தடவை வச்சாங்க. முதல் தடவை நானும் உன்னாட்டத்தான் அழுதேன். ரெண்டாவதுக்கு முன்னாடி டாக்டரம்மாகிட்ட நேராக் கேட்டேன்: "எனக்கு வலி தாங்கல, முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வையுங்க." வச்சாங்க. கேக்கற வரைக்கும் நான் தாங்கறேன்னு நெனச்சிருக்காங்க பாரு. துணி எடுக்கறதுக்கு முன்னாடியும் வலி ஊசி போடச் சொல்லு. இழுக்கறப்ப மூச்சை அடக்காதே, வாயால மெதுவா ஊதி விடு. கொஞ்சம் கொஞ்சமா எடுங்க சாமின்னு சொல்லு. கேக்கறதுக்கு வெக்கப்படாதே.

கதவு சாத்துனதும் நான் மனசுக்குள்ள சத்தியமங்கலத்துல கோயமுத்தூர் பஸ் ஏறிக்குவேன். புளியம்பட்டி, அன்னூர், கணேசபுரம், கோவில்பாளையம், சரவணம்பட்டி, கணபதி, காந்திபுரம். அவசரப்படாம ஒவ்வொரு ஊர்லயும் எறங்கறவங்களைப் பாப்பேன். அன்னூர்ல பூக்கூடையோட ஒரு அம்மா ஏறுவா, அவளுக்கு எடம் விடுவேன். ஒரு தடவையும் காந்திபுரம் போய்ச் சேரலை, அதுக்குள்ள கதவு தொறந்துரும்.

ரெண்டு மூணு நாளைக்கு மூத்திரம் போறப்ப எரியும், தண்ணி நெறயக் குடி. ரத்தம் கூடப் போனாலோ காய்ச்சல் வந்தாலோ ஒடனே போன் பண்ணு. எல்லாம் முடிஞ்ச பொறவு பிறப்புறுப்பு வழி ஒட்டிச் சுருங்கிராம இருக்க, உள்ள வச்சு எடுக்கற டைலேட்டர்னு ஒண்ணு குடுப்பாங்க. யாரும் வாய்விட்டுப் பேசமாட்டாங்க, ஆனா அதை விட்டுராதே. நான் கூச்சப்பட்டு ஆறு மாசம் விட்டேன், அப்பறம் டாக்டர் பரிசோதனை பண்றதுக்கே வலி உசுரு போச்சு.

பொள்ளாச்சி மகள்:

எங்க அம்மாவுக்கு நான்தான் கூடப் போனேன். சொந்தப் போர்வையும் காலுக்கு சாக்ஸும் எடுத்துட்டுப் போங்கக்கா. முழங்காலுக்கு அடியில தலகாணி வைக்கலாமான்னு கேளுங்க. இடுப்பு வலி பாதி கொறஞ்சுது அம்மாவுக்கு.

சென்னிமலை தறிவீடு:

போயிட்டு வந்துட்டேனுங்க. பதில் படிச்ச அன்னிக்கே பேத்தியைத் தூக்கிட்டேன், எறக்க மனசே வரல. கேட்டதும் முதுகு ஊசி போட்டாங்க, துணி வச்சது தெரியவே இல்ல. டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, "இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகுங்க, உங்களுக்காகத்தான் கணக்குப் போடறோம்"னு சொல்லிட்டுப் போனார். அது தெரிஞ்சதும் குளுரு கூடப் பெருசாத் தெரியல. எங்க தறிப் போர்வையையே கொண்டு போயிருந்தேன். கரை சிவப்பு, நடுவுல கட்டம். கதவு சாத்துனதும் எனக்கு பஸ் வரலீங்கம்மா. மனசுக்குள்ள அதே போர்வைக்கு ஊடை, அதாவது குறுக்கு நூல், போட்டேன், சிவப்புக் கரை முடிஞ்சு ரெண்டு கட்டம். அத்தோட கதவு தொறந்துருச்சு.

துணி எடுக்கறப்ப வலிச்சுது. பொய் சொல்லமாட்டேன். ஆனா இந்தத் தடவை நர்ஸம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஊசிக்குப் பொறவு ரெண்டு நாள் தலைவலி, டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கேன். மூணாவது வர வியாழக்கிழமை. போர்வையைத் துவைச்சுக் காயப் போட்டிருக்கேன்.